இஞ்சாரும்

கர்க்லாண்ட், மொன்றியல்
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதம் தொடங்க வேண்டும், அப்படியே தொடங்குகிறேன். உங்கள் பிரஷர் எப்படி? நிரஞ்சனி நேரத்துக்குச் சாப்பாடு தருகிறாளா? வவுனியாவில் மழை தொடங்கிவிட்டதா?

உறையில் என் கையெழுத்தைப் பார்த்து யோசித்திருப்பீர்கள். இத்தனை வருடமும் உங்களுக்கு எழுதியது உங்கள் தம்பிதான். அடியில் 'மச்சாளுக்கு என் அன்பு' என்று ஒரு வரி போடுவதோடு என் வேலை முடிந்துவிடும். இவருக்கு வலது கையில் கொஞ்சம் நோ. பேனா பிடிக்க ஏலாமல் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. வேலைக்கு லீவு போட்டிருக்கிறார். டவுன்டவுன் ரெஸ்ரோறண்ட் குசினியில் பாதி ஆயுளைக் கழித்த மனுசனுக்கும் ஓய்வு வேண்டும்தானே.

மகள் பிரஷாந்தினி வீட்டில் நவராத்திரிக்குக் கும்பம் வைத்திருக்கிறாள். அவலும் கடலையும் செய்தோம். மருமகன் நல்ல மாதிரி. வாசலில் மேப்பிள் இலை சிவந்து கொட்டுகிறது. கூட்டக் கூட்டக் கொட்டுகிறது.

உங்களுக்கு ரெலிபோன் பிடிக்காது என்று தெரியும். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

உங்கள் சுகத்தைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்பு மச்சாள்,
சிவநேசம்

*

வைரவபுளியங்குளம், வவுனியா
3 நவம்பர் 2024

அன்பு மச்சாள் சிவநேசத்துக்கு,

பிரஷர் அது இருக்கிற இடத்தில் இருக்கிறது, நானும் இருக்கிறேன். மழை கொட்டுகிறது. நிரஞ்சனி மருமகள்போல இல்லை, பெற்ற பிள்ளைபோலத்தான் பார்க்கிறாள். இதையெல்லாம் பிறகு பார்ப்போம்.

தம்பிக்கு என்ன?

கை நோ என்று எழுதியிருக்கிறீர். நகுலேஸ்வரன் பிறந்த நாளிலிருந்து வாய் மூடாதவன். கை நொந்தால் பக்கத்தில் இருந்து, 'அக்காவுக்கு இதைப் போடும், அதைப் போடும், நாய் எப்பிடியெண்டு கேளும்' என்று உம்மைப் போட்டு அரித்திருப்பான். உம்முடைய கடிதத்தில் அவன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்கூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறீரோ? எனக்குக் காதுதான் மந்தம், கண் நல்லாய்த் தெரியும்.

காதென்றதும் சொல்கிறேன். நிரஞ்சனி விடாப்பிடியாய் என்னைக் காது கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு பெட்டி மாதிரி அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். கேட்காவிட்டாலும் இடைக்கிடை அமத்தினேன், மானம் போகக்கூடாதே! சோதித்த பிள்ளை சிரித்துக்கொண்டே பிடித்துவிட்டது. இரண்டு காதுக்கும் மெசின் தந்திருக்கிறார்கள். பட்டுத் துணியில் சுற்றி அலுமாரியில் காப்பு, சங்கிலியோடு வைத்திருக்கிறேன். கலியாணம் கோவில் என்றால் போடலாம். வீட்டில் ஆருக்கு? மிக்சி இரையிறதும் நாய் குலைக்கிறதும் கேட்கவோ?

தம்பிக்கு என்ன என்று எழுதும். சுற்றி வளைக்க வேண்டாம்.

சுகத்தோடு இரும், அவனையும் இருத்தும்.

தவமலர்

*

கர்க்லாண்ட்
22 டிசம்பர் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே தபால்காரர் வேலைநிறுத்தம். உங்கள் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. வேலைநிறுத்தம் வந்தது எனக்கு எழுதாமல் இருக்க ஒரு சாட்டாகவும் போயிற்று. மன்னித்துக்கொள்ளுங்கோ.

செப்டெம்பர் கடைசியில் இவர் வேலைத்தலத்தில் விழுந்துவிட்டார். மூளையில் இரத்தம் கட்டி, பக்கவாதம். வலது கை, வலது கால் இழுத்துவிட்டது. கால் மெல்ல மெல்ல வருகிறது, தடியோடு நடக்கிறார். போனது பேச்சு, மச்சாள். நான் முதல் கடிதம் எழுதியபோது இவர் வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் கிடந்தார். உங்களுக்கு எப்படி எழுதுவேன்? தாய் இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்த அக்கா நீங்கள்.

நாங்கள் சொல்வதில் கனக்க விளங்குகிறது என்றுதான் டொக்டர் சொல்கிறார். வாய்க்குத்தான் சொல் வருவதில்லை. முதலில் வந்தது தமிழ் இல்லை. குசினியில் கத்துகிற பிரெஞ்சு. சுடுசோறு கொண்டுபோனால் 'ஷோ, ஷோ' என்கிறார், சூடு என்று அர்த்தமாம். ஆராவது பின்னால் நடந்தால் 'அத்தான்சியோன்!' என்று கத்துகிறார், கவனம் என்று அர்த்தமாம். நேர்ஸ்மார் சிரிக்கிறார்கள்.

இன்னொன்று 'மெர்சி'. சோறு தீத்தினால் மெர்சி. முகம் துடைத்தால் மெர்சி. தேத்தண்ணி கொடுத்தால் மெர்சி. மச்சாள், கலியாணம் கட்டி முப்பத்தாறு வருடத்தில் இவர் எனக்கு நன்றி சொன்னவரா? வீட்டுக்காரிக்கு ஆர் நன்றி சொல்லுவார்கள்? நேர்சுக்குச் சொல்கிற அதே குரலில் எனக்கும் சொல்கிறார்.

தமிழில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். 'இஞ்சாரும்.' என்னைக் கூப்பிடுகிறது அப்படித்தானே. முதல் தரம் கேட்டபோது கும்பிட்ட தெய்வமெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் அடுத்த நாள் தேத்தண்ணி வாங்கக் கீழே போய்விட்டு வந்தால், நிலம் துடைக்கிற கறுப்பு மனுசனைப் பார்த்து 'இஞ்சாரும், இஞ்சாரும்' என்கிறார். நான் வீட்டுக்குப் போன பிறகு இரவு முழுக்க நேர்சுக்கும் அதையே சொன்னாராம். குளியலறையில் இவருடைய சட்டையை அலசிக்கொண்டு நின்றேன், அப்போது ரீவியைப் பார்த்துச் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் அதே சொல்லென்றால் அது என்னைக் கூப்பிடுகிறது இல்லைத்தானே.

என்னை ஆரென்று இவருக்குத் தெரியுமோ தெரியாதோ. அதுதான் என் கவலை, வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ. இதைப் படித்துப் பிரஷரை ஏற்றிவிடாதீர்கள்.

சிவநேசம்

*

வவுனியா
19 ஜனவரி 2025

அன்பு மச்சாளுக்கு,

பொங்கலன்று கடிதம் வந்தது. பானையை இறக்கி வைத்துவிட்டுப் படித்தேன். நான் அழுத சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டதாம், எனக்குத்தான் கேட்கவில்லை.

உம்மில் கோபம் வந்தது, உண்மை. மூன்று மாதம் என் தம்பி பேச்சில்லாமல் கிடக்க, நான் இங்கே இருந்து அவனுக்குக் குறை சொல்லிக்கொண்டு இருந்தேனே! பிறகு யோசித்தேன். அந்தக் குளிருக்குள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடித் திரிகிற பெண் என்னிடம் பேச்சு வேறு வாங்கவேண்டுமா என்று. கோபத்தை விட்டுவிட்டேன். இனிமேல் ஒளிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வைரவர் கோவிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தேன். நீர் அங்கே செய்விக்கும்போது பெயரை ஆர் சொல்லுகிறது? மகளோ? நீர் நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு முழித்துக்கொண்டு நிற்பீர், எனக்குத் தெரியும்.

மெர்சியைப் பெரிதாக எடுக்க வேண்டாம். குசினியில் பழகின வாய், கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போடுகிறது. பேச்சுக்கு வைத்தியம் ஏதும் இருக்கிறதா? விபரமாக எழுதும். எந்த நேரம், ஆர் நின்றது, என்ன சொன்னான், எல்லாம் எழுதும். எனக்கு இங்கே படிக்கிறதைவிட வேறு வேலை இல்லை.

நீரும் சாப்பிடும். மெலிந்து போவீர்.

தவமலர்

*

கர்க்லாண்ட்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

சாப்பிடுகிறேன். நீங்களும் பிரஷர்க் குளிசையை மறக்காதீர்கள்.

இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். கீழ் அறையை இவருக்கு ஒதுக்கியிருக்கிறாள் பிரஷாந்தினி. வெளியில் இடுப்பளவு பனி.

பேச்சுக்கு வைத்தியம் இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தரம் ஜெனவியேவ் என்ற பிள்ளையிடம் போகிறோம். பேச்சுப் பயிற்சி கொடுப்பதையே படித்த பிள்ளை. தங்கமான குணம். படங்களைக் காட்டிப் பெயர் கேட்பாள். சொல்லின் முதல் எழுத்தைத் தான் சொல்லி மிச்சத்தை இவரைச் சொல்லவைப்பாள். பாட்டு மாதிரி இழுத்து, இடது கையால் மேசையில் தட்டித் தட்டிச் சொல்லப் பழக்குவாள். தமிழ்ச் சொல்லுகளை மகளிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு அவளும் சொல்லிப் பார்க்கிறாள். மகள்தான் மொழிபெயர்ப்பு. நான் பக்கத்தில் இருந்தால் இவருக்குக் கவனம் சிதறுமாம். வெளியே கதிரையில் இருப்பேன், கதவு பாதி திறந்திருக்கும்.

போன கிழமை என் படத்தைக் காட்டி, 'இது ஆர்?' என்று கேட்டிருக்கிறாள். இவர் படத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். 'இஞ்சாரும்' என்றார். என் பெயர் வரவில்லை. ஒவ்வொரு தரமும் இப்படித்தான். இது என்ன சொல் என்று மகளிடம் கேட்டாளாம். பிரஷாந்தினி, 'இங்கே பாருங்கோ எண்டு அர்த்தம், இப்ப எல்லாத்துக்கும் இதைத்தான் சொல்லுறார்' என்று சொல்லியிருக்கிறாள். இந்தப் பக்கவாத வருத்தத்தில் ஒரு சொல் வாயில் ஒட்டிக்கொண்டு எதற்கும் அதுவே வருவதுண்டாம். அது மற்றச் சொல்லுகளுக்கு வழி விடாதாம். அதனால் அந்தச் சொல்லுக்கு ஒருவரும் திரும்பக்கூடாது, மனைவியின் பெயர் வரும்வரை காத்திருங்கோ என்று ஜெனவியேவ் சொல்லியிருக்கிறாள். என்னையும் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறாள்.

நான் வாயே திறக்கவில்லை, மச்சாள். இவர் எப்போதாவது என் பெயரைச் சொன்னாரா? நான்தான் இவர் பெயரைச் சொன்னேனா? இதை அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? முப்பத்தாறு வருடம் ஒரு மனுசன் பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்றால், இது என்ன குடும்பம், இவளை மனுசியாய் மதிக்காத ஆள்போல என்றுதானே நினைப்பாள். இவருக்குத்தானே அவமானம். மகளும் இங்கே வளர்ந்தவள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஏப்ரலில் ஒரு முடிவு எடுப்பார்களாம். முன்னேற்றம் தெரியாவிட்டால் பயிற்சியை நிறுத்தி, காத்திருக்கிற வேறு ஆளுக்கு இவருடைய இடத்தைக் கொடுப்பார்களாம். அவர்களிலும் பிழையில்லை, வரிசை பெரிது. ஆனால் அதையும் நிறுத்தினால் இவர் இப்படியே இருந்துவிடுவார். அதனால் சொன்னபடி செய்கிறேன். 'இஞ்சாரும்' என்றால் திரும்புவதில்லை.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கிறேன்.

சிவநேசம்

*

கர்க்லாண்ட்
2 மார்ச் 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? இன்னும் பதில் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

சொன்னபடி செய்கிறேன் என்று எழுதினேன் அல்லவா. லேசில்லை. நான் மேலே சமைத்துக்கொண்டு நிற்பேன், கீழே அறையிலிருந்து 'இஞ்சாரும்' என்று வரும். பைப்பைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தில் நிற்பேன். திரும்பத் திரும்ப வரும். குரல் உயரும். பிறகு தணியும்.

இப்போது குறைந்துவிட்டது. நேற்று முழுநாளும் ஒரு தரமும் சொல்லவில்லை. ஜெனவியேவுக்குச் சந்தோசம். ஒட்டின சொல் கழன்று விழுகிறது, இனி மற்றச் சொல்லுகள் வரும் என்கிறாள். எனக்குத்தான் சந்தோசம் வரவில்லை. வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். தேத்தண்ணி கொண்டுபோனால் 'மெர்சி' என்கிறார்.

வேறு விசேசம் இல்லை. உங்கள் உடம்பைக் கவனியுங்கோ.

சிவநேசம்

*

வவுனியா
9 மார்ச் 2025

சிவநேசம்,

சுகம் விசாரிக்க நேரமில்லை, பிறகு விசாரிக்கிறேன். பெப்ரவரிக் கடிதம் நேற்று வந்தது. இதைக் கடுகதித் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

இரவு உம்முடைய கடிதங்களைக் கட்டிலில் விரித்து வைத்துப் படித்தேன். நிலம் துடைக்கிறவனைப் பார்த்து 'இஞ்சாரும்' என்றானே, அப்போது நீர் எங்கே? தேத்தண்ணி வாங்கக் கீழே. நேர்சுக்குச் சொன்னபோது? வீட்டில். ரீவியைப் பார்த்துச் சொன்னபோது? குளியலறையில். அந்தப் பிள்ளை படம் காட்டினபோது? கதவுக்கு வெளியே! கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னான் என்று நீரே எழுதியிருக்கிறீர். நீர் முன்னால் இருக்கும்போது அவன் அதைச் சொன்னதாக ஒரு வரியாவது இருக்கிறதா? நான் தேடிவிட்டேன், இல்லை.

எனக்குக் காது கேட்காது. நிரஞ்சனி வீட்டில் நிற்கிறாளா இல்லையா என்று தெரியாமல், 'பிள்ளை, பிள்ளை' என்று கத்திக்கொண்டு திரிவேன். முன்னால் சுவர் இருக்கும், நாய் இருக்கும். அதற்காக நாயை மருமகள் என்று நினைத்தேனா? ஆளைக் காணாவிட்டால்தானே கூப்பிடுவோம்! நிலம் துடைக்கிறவனிடம் அவன் உம்மைத்தான் கேட்டிருக்கிறான், விசரி!

நான் டொக்டர் இல்லை. என் தம்பி என்ற ஆசையில் பிழையாகவும் எண்ணலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு முழு விசயமும் தெரியாதே, பாவம். உம்முடைய பெயரை அவன் எந்தக் காலத்தில் சொன்னான்? ஒருநாளும் சொல்லாத சொல்லை வருத்தக்காரன் எங்கேயிருந்து எடுப்பான்? வெட்கத்தைத் தூக்கி அடுப்புக்குள் போட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி அவளிடம் சொல்லும். என்ன நினைத்தால் என்ன? நினைக்கட்டும்.

கூப்பிட்டால் திரும்பும். உம்மைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தவமலர்

*

கர்க்லாண்ட்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

கும்பிடுகிறது நீங்கள் இல்லை, நான். சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு குசினியில் நின்றேன். பைப்பை மூடினேன். அடுப்பையும் நிறுத்தினேன். இவர் கூப்பிட்டால் ஓடவேண்டும் என்று நின்றேன். கூப்பிடவில்லை. அடுத்த நாளும் கூப்பிடவில்லை. ஐயோ மச்சாள், கூப்பிட்டால் வரமாட்டாள் என்று நானே இவருக்குப் படிப்பித்துவிட்டேனே! படியில் இருந்து அழுதேன். மகள் கண்டுவிட்டாள். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கவரும். விரலால் தடவித் தடவி வாசித்தாள். பிறகு, 'அம்மா, அப்பா உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையோ? இவ்வளவு காலமும் நான் கவனிக்கேல்லையே. ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?' என்று அவளும் என்னோடு இருந்து அழுதாள்.

ஜெனவியேவிடம் போனோம். சொன்னேன். முகம் சுட்டது, ஆனாலும் சொன்னேன். மகள் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். என்ன குடும்பம் என்று அவள் நினைக்கவில்லை, மச்சாள். தன்னுடைய தாத்தாவும் பாட்டியைக் கடைசிவரை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டாராம், பிள்ளைகள் கூப்பிடுகிறதுபோல. பிறகு சொன்னாள், 'இதை நான் முதலே உங்களிட்டைக் கேட்டிருக்கவேணும். இப்ப சோதிச்சுப் பாப்பம்' என்று.

முதலில் என்னைக் கதவுக்கு வெளியே நின்று இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாள். கீரிமலைச் சுவாமிக்கும் அதே பெயர்தானே, சுவாமியின் பெயரைச் சொல்லுகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு சொல்லிவிட்டேன்! என்ன நடந்தது தெரியுமா? இவர் நிமிர்ந்து இருந்து, இடது கையால் சேட் கொலரைச் சரிப்படுத்திக்கொண்டு கதவைப் பார்த்தாராம், ஏதோ பெரிய உத்தியோகத்தர் வருகிறார்போல. என் தலை தெரிந்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார், கூப்பிட்ட ஆள் எங்கே என்று. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு திரும்பவும் வெளியே போய், 'இஞ்சாருங்கோ' என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கழுத்து மட்டுமில்லை, மச்சாள், முழு உடம்பும் திரும்பிற்றாம்.

கடைசியாக என்னை வெளியே இருத்திக் கதவைச் சாத்தினாள். என் படத்தை இவருக்குக் காட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. கூப்பிடுகிறதையே விட்டுவிட்ட மனுசன், இனி எங்கே கூப்பிடப்போகிறார். நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு வந்தது. முதலில் இருமல் மாதிரி. பிறகு, 'இஞ்சாரும்.'

'ஓம், வந்திட்டன்!' என்று கத்திக்கொண்டு கதவைத் தள்ளினேன். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். பக்கத்துக் கதிரையை இடது கையால் தட்டினார். போய் இருந்தேன். அவ்வளவு நாளும் நான் திரும்பாமல் நின்றதற்கு என்னில் கோபம் இருந்ததோ தெரியாது. என் கையில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஜெனவியேவ் என் படத்துக்குக் கீழே எங்கள் சொல்லைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி ஒட்டினாள். முன்னம் பிழை என்று குறித்ததையெல்லாம் சரியான விடை என்று திருத்தினாள். தன்னை மன்னிக்கச் சொல்லி என் கையைப் பிடித்தாள். நான் மறைத்ததற்கு அவள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? பயிற்சியை நிறுத்தவில்லை, மாரிக்காலம்வரை நீட்டியிருக்கிறார்கள்.

இத்தோடு இவருடைய குரலை மகள் பதிவுசெய்து நிரஞ்சனியின் போனுக்கு அனுப்புகிறாள். அலுமாரியைத் திறவுங்கோ.

சிவநேசம்

*

வவுனியா
4 மே 2025

அன்பு மச்சாளுக்கு,

உம்முடைய சுகமும் தம்பியின் சுகமும் இப்போது காதாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன், ஆனபடியால் விசாரிக்கவில்லை.

பட்டுத் துணியை அவிழ்த்து மெசினைப் போட்டுக்கொண்டு இருந்தேன். நிரஞ்சனி போனைக் காதோடு வைக்க, அது கீச்சென்று கத்தியது. பயந்துபோனேன். கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். பிறகு கேட்டது. பழைய குரல் இல்லை. என் தம்பி சந்தைக்குள்ளேயே ஆளைக் கூப்பிடுகிற குரல்காரன். இது தொண்டைக்குள் கல்லை உருட்டுகிறதுபோல இருக்கிறது. ஆனாலும் அவன்தான். எத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன். நான் ரெலிபோன் வேண்டாம் என்றது பிடிக்காமல் இல்லை, மச்சாள். அவன் கதைக்கிறது விளங்காமல் சும்மா 'ஓம், ஓம்' என்று சொல்லச் சொல்லக் கூச்சமாகிப் போனது. அதுதான் கடிதம் போதும் என்று இருந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் 'ஓம்' என்று பொத்தான் அமத்துகிற புத்தி எனக்குப் பழையது.

இனி அலுமாரியில் வைக்கமாட்டேன். இப்போது வீட்டில் நாள் முழுக்கப் போடுகிறேன். மிக்சி இரைச்சல் சகிக்கேலாது. நாய் அவ்வளவு மோசமில்லை. நிரஞ்சனி சமைக்கும்போது மெதுவாகப் பாடுகிறாள் என்று இப்போதுதான் தெரியும். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தேன்.

அந்தப் பதிவில் உம்முடைய 'வாறன்' பிந்தித்தான் கேட்கிறது. இன்னும் கெதியாய் ஓடும்.

மெர்சி இன்னும் இருக்கிறதோ?

தவமலர்

*

கர்க்லாண்ட்
22 ஜூன் 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

காது மெசினோடு நீங்கள் சுகமாக இருப்பது கேட்டு எங்களுக்குப் பெரிய ஆறுதல். மழைக்குள்ளும் குளிக்கப் போகும்போதும் கழற்றி வைக்க மறக்காதீர்கள் என்று ஜெனவியேவ் சொல்லச் சொன்னாள்.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று எழுதினால் பொய். முன்னைப்போலக் கதைக்க இனி ஏலாது என்று அந்தப் பிள்ளை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். வருவது ஒவ்வொரு சொல்லாகத்தான். 'சோறு' வந்தது. 'வலி' வந்தது. உங்கள் படத்தைக் காட்டினால் 'அக்' என்று தொடங்கி மிச்சத்துக்கு மேசையில் தட்டிக்கொண்டு இருக்கிறார். நாங்கள் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாக வரட்டும் என்று பார்த்திருக்கிறோம். நான் கிட்ட இல்லாவிட்டால் 'இஞ்சாரும்' முழுநாளும் வருகிறது. தோட்டத்தில் தக்காளிக் கன்றுக்குத் தண்ணீர் விட்டாலும் யன்னலால் வருகிறது. மூட்டு நோவோடு எத்தனை தரம் படி ஏறி இறங்குகிறது! சிலநேரம், 'என்னப்பா, கொஞ்சம் பொறுங்கோவன்!' என்று ஏசிவிடுகிறேன்.

மெர்சியைக் கேட்டிருந்தீர்கள். நேற்றுத் தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கினார். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கோப்பையை என்னிடம் நீட்டினார். சீனி காணாது! மெர்சி இல்லை, மச்சாள். ஒரு சொல்லும் இல்லை. நான் சீனி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்கும் இல்லை. வாங்கிக் குடித்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார், முப்பத்தாறு வருடம் இருந்ததுபோல. நான் குசினிக்குள் போய்ச் சிரித்தேன், கண்ணீர் வரும்வரை சிரித்தேன். ஜெனவியேவுக்கு இன்னும் மெர்சி உண்டு. தபால்காரனுக்கும் உண்டு. எனக்கு மட்டும் இல்லை.

பிரஷாந்தினிதான், 'அம்மாவுக்கும் நன்றி சொல்லப் பழக்குவமோ?' என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பிரஷர் எப்படி, நிரஞ்சனி எப்படி என்றெல்லாம் விசாரித்து, ஒழுங்காகக் கடிதத்தை முடிக்கத்தான் இருந்தேன். கீழேயிருந்து கூப்பிடுகிறார். கையெழுத்து இல்லாவிட்டாலும் ஆர் எழுதியது என்று உங்களுக்குத் தெரியும். வாறன் என்று சொல்லிவிட்டேன், போகிறேன்.